கல் தச்சராகத் தொடங்கிக் கட்டடக் கலை மேதையானவர்!
முகப்புப் படம் வரைவதில் உலகுக்கு வழிகாட்டிய பல்லாடியோ

கல் உடைத்துக் கைகாய்த்த ஒரு வாலிபர், முப்பது வயதுக்கு மேல் தாளும் அளவுகோலுமாக உட்கார்ந்து கட்டடப் படம் வரையப் பழகினார். அவர் வரைந்த படங்களைப் பார்த்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மாளிகைகள் எழுந்தன. அவர்தான் இத்தாலி நாட்டின் ஆண்ட்ரியா பல்லாடியோ.

ஓடிப்போன சிறுவன்

1508-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி, பதுவா நகரில் பல்லாடியோ பிறந்தார். தகப்பனார் மாவு அரைக்கும் தொழில் செய்தவர். மகனுக்கு 13 வயதானபோது, ஒரு கல் தச்சரிடம் வேலை பழக விட்டார். ஆறு ஆண்டு ஒப்பந்தம்.

பையனுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்தில் உள்ள விசென்சா நகருக்கு ஓடினான். ஒப்பந்தத்தை மீறிய குற்றத்துக்காகத் திரும்ப வேண்டியதாயிற்று. ஆனாலும் 1524-ல் மறுபடியும் விசென்சா வந்து, அங்குள்ள பெரிய கல் பட்டறை ஒன்றில் சேர்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உளியும் சுத்தியலும்தான் அவர் வாழ்க்கை. தூணின் தலைப்பு, கதவு நிலை, ஜன்னல் வேலைப்பாடு என்று பிறர் வரைந்து கொடுத்ததை அவர் செதுக்கினார்.

பெயர் கொடுத்த பிரபு

விசென்சாவில் டிரிசினோ என்ற பிரபு இருந்தார். கவிஞர், பெரும் படிப்பாளி. தம் மாளிகையைத் திருத்திக் கட்டும்போது, அங்கே வந்து போன இந்தக் கல் தச்சரின் கூர்மையான புத்தி அவர் கண்ணில் பட்டது. பழைய ரோமானியர்களின் கட்டடக் கலையை அவருக்குக் கற்பித்தார். கிரேக்கரின் அறிவுத் தேவதையான பல்லாஸின் பெயரை நினைவூட்டும்படி "பல்லாடியோ" என்ற பெயரையும் சூட்டினார்.

1541-ல் டிரிசினோ அவரை ரோமாபுரிக்கு அழைத்துச் சென்றார். அதுதான் பல்லாடியோவின் கல்லூரி!

இடிபாடுகளே பாடப் புத்தகம்

ரோமில் பாழடைந்து கிடந்த கோயில்கள், குளியல் மண்டபங்கள், வெற்றி வளைவுகள் எல்லாவற்றையும் பல்லாடியோ அளந்தார். தூணின் குறுக்களவு என்ன, உயரம் என்ன, இரண்டு தூண்களுக்கு இடைவெளி என்ன என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். அந்த இடத்திலேயே கையால் கோட்டுப் படம் போட்டு அளவுகளை எழுதிக்கொள்வார். பிறகு உட்கார்ந்து, அளவு பிசகாமல் சுத்தப் படம் வரைவார். இடிந்து போன பாகங்களை, மிஞ்சியிருந்த துண்டுகளைக் கொண்டு ஊகித்து நிரப்புவார். இதற்காகவே ரோமுக்குப் பலமுறை போய் வந்தார்.

முகப்புப் படம் என்றால் என்ன? ஒரு கட்டடத்தின் எதிரே நின்று பார்த்தால், பக்கத்தில் உள்ள தூண் பெரிதாகவும் தூரத்தில் உள்ள தூண் சிறிதாகவும் தெரியும். ஓவியர்கள் அப்படித்தான் வரைவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கொத்தனாருக்கு அது பயன்படாது. அதில் அளவுகோலை வைத்து அளக்க முடியாதல்லவா? முகப்புப் படத்தில் எல்லாத் தூண்களும் உண்மையான விகிதத்திலேயே நிற்கும். தரைப்படம், முகப்புப் படம், குறுக்கு வெட்டுப் படம் என மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கட்டடக் கலைஞனுக்கு இந்த முறையே ஏற்றது என்று, ஓவியர் ரஃபேல் 1519-ம் ஆண்டு வாக்கில் போப்பாண்டவருக்கு எழுதிய கடிதத்தில் விளக்கியிருந்தார். பல்லாடியோ அதை உறுதியாகப் பிடித்துக்கொண்டார். கல்லைச் செதுக்கிய கை அல்லவா? அளவு தப்பினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

ஊரே தவித்த பிரச்சினை

விசென்சா நகர மண்டபத்தைச் சுற்றிக் கட்டியிருந்த இரண்டு அடுக்குத் தாழ்வாரத்தின் ஒரு மூலை 1496-ல் இடிந்து விழுந்தது. அரை நூற்றாண்டு காலம் அதற்கு வழி பிறக்கவில்லை. செர்லியோ, சான்சொவீனோ, ஜூலியோ ரோமானோ போன்ற பெரிய நிபுணர்களை நகர சபையார் வரவழைத்து யோசனை கேட்டனர். ஒன்றும் ஒத்துவரவில்லை.

சிக்கல் எங்கே இருந்தது? பழைய மண்டபம் கோணலானது. அதன் திறப்புகள் சமமான இடைவெளியில் இல்லை. ஒரே மாதிரி வளைவுகளை வரிசையாக நிறுத்தினால் உள்ளே இருப்பதோடு பொருந்தாது. அகலத்தை மாற்றினால் முகப்பு அலங்கோலமாகும்.

பல்லாடியோ முகப்புப் படத்திலேயே விடை கண்டார். எல்லா வளைவுகளையும் ஒரே அளவில் வைத்தார். ஒவ்வொரு வளைவின் இரு பக்கமும் சிறிய திறப்பு ஒன்றை விட்டார். இடம் அதிகமானால் அந்தத் திறப்பு விரியும், குறைந்தால் சுருங்கும். வளைவு மாறாததால் வேற்றுமை கண்ணில் படாது! 1549-ல் நகர சபை இந்தத் திட்டத்தை ஏற்றது. அப்போது பல்லாடியோவுக்கு 40 வயது. ஊர் பேர் தெரியாத கல் தச்சர், ஒரே நாளில் நகரத்தின் பெருமையாகிவிட்டார்.

பிறகு வெனிசில் மாதா கோயில்களைக் கட்டும்போதும் இதே திறமை உதவியது. கோயிலின் நடுக்கூடம் உயரம். பக்கக் கூடங்கள் தாழ்வு. இதற்கு எப்படி ஒரே முகப்பு வைப்பது? அகலமான தாழ்ந்த ஒரு கோயில் முகப்பின் மேல், உயரமான முகப்பு ஒன்றைப் பொருத்தினார். வெனிசின் சான் ஜார்ஜியோ மஜ்ஜோரே, ரெதெந்தோரே கோயில்கள் இன்றும் இதற்குச் சான்று.

நான்கு புத்தகங்கள்

1570-ல், தாம் கற்றதையெல்லாம் நான்கு புத்தகங்களாக வெளியிட்டார். அவற்றில் படங்களே அதிகம். படத்திலேயே அளவுகளும் எழுதப்பட்டிருந்தன. அதனால் அவரை நேரில் பாராதவர்களும் அவரிடம் பாடம் கற்க முடிந்தது.

புகழ் உச்சியில் இருந்தபோது பேரிடி விழுந்தது. 1572-ல் இரண்டு புதல்வர்களைப் பறிகொடுத்தார். துயரத்தை விழுங்கிக்கொண்டு வேலை செய்தார். 1580 ஆகஸ்டில் காலமானார். அவருக்குப் புகழ் தேடித் தந்த விசென்சா மண்டபம்கூட அப்போது முடிந்திருக்கவில்லை. 1617-ல்தான் முடிந்தது.

கட்டியவர் போய்விட்டார், படங்கள் இருந்தன. அவற்றைப் பார்த்தே மற்றவர்கள் வேலையை முடித்தார்கள். 1614-ல் இங்கிலாந்தின் இனிகோ ஜோன்ஸ், பல்லாடியோவின் படங்களை இத்தாலியில் விலைக்கு வாங்கிச் சென்றார். அவற்றில் பெரும் பகுதி இன்று லண்டனில் பாதுகாக்கப்படுகிறது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜெபர்சன், தம் மாளிகையைக் கட்ட அவருடைய புத்தகத்தையே துணை கொண்டார்.

இன்று மாணவர்கள் கணிப்பொறியில் முகப்புப் படம் வரைகிறார்கள். கருவி மாறிவிட்டது, பாடம் மாறவில்லை. முதலில் நிற்கும் கட்டடத்தை அளக்க வேண்டும். பிறகு அளந்ததை, கண்ணுக்குத் தெரிவதுபோல் அல்லாமல், உள்ளபடி வரைய வேண்டும். கல் தச்சர் பல்லாடியோ கற்றதும், உலகுக்குக் கற்பித்ததும் அதுதான்.