மருமகன் என்றும் பாராத சேதுபதி

சேது நாட்டை ஆண்ட கிழவன் சேதுபதி 1710-ல் காலமானார். அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்தவர் முத்து விஜயரகுநாத சேதுபதி. திருவுடையத் தேவர் என்பது இவருடைய இயற்பெயர்.

இவருடைய முகத்தை இன்றும் பார்க்கலாம்!

எங்கே என்கிறீர்களா? இராமநாதபுரம் அரண்மனையில், ராமலிங்க விலாசம் என்ற மண்டபத்தில். அதன் சுவர்களில் மன்னரை வண்ணத்தில் தீட்டி வைத்திருக்கிறார்கள்.

குலதெய்வம் ராஜராஜேசுவரியிடம் செங்கோல் வாங்குகிறார் மன்னர். தஞ்சை மராட்டியப் படையோடு போர் நடக்கிறது. வெள்ளைக்காரர்கள் மன்னரைக் காண வருகிறார்கள். ராமாயணமும் கண்ணன் கதையும் உண்டு. படங்களோடு தமிழில் விளக்கமும் எழுதியிருக்கிறார்கள்.

மாடி அறையில் வேறு உலகம். அங்கே மன்னர் ஆடல் பாடலில் பொழுது போக்குகிறார்.

பாட்டு என்றால் சேதுபதிகளுக்கு உயிர். காதலன் முன்னே நாணத்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள் ஒரு பெண். இந்த ஒரே காட்சியை வைத்து அமிர்த கவிராயர் சுமார் நானூறு பாட்டுப் பாடினார்! முன்பு ஆண்ட திருமலை சேதுபதி மீது பாடிய ஒருதுறைக் கோவை என்ற நூல் அது. அத்தனையையும் உட்கார்ந்து கேட்கவும் ஒரு ரசனை வேண்டுமே!

படகு வரி

சுவரில் சொகுசாகத் தோன்றும் முத்து விஜயரகுநாதருக்கு ஒரு சோதனை வந்தது. கடற்கரை மக்கள் வழிவழியாகச் சொல்லும் கதை இது.

மன்னரின் பெண்கள் இருவரையும் மணந்தவர் தண்டத்தேவர். பாம்பன் பக்கத்து அதிகாரம் அவர் கையில் இருந்தது.

அப்போது பாலம் ஏது? ரயில் பாலம் வந்ததே 1914-ல்தான். இராமேசுவரம் போகப் படகுதான் கதி. படகு ஏறும் யாத்திரிகர்களிடம் மருமகன் வரி வசூலித்தார்.

சேதுபதி என்றால் சேதுவின் காவலர். யாத்திரை வருகிறவர்களைக் காப்பது அந்தக் குலத்தின் கடமை. சேதி மன்னரின் காதுக்கு எட்டியது. மருமகனுக்கு மரண தண்டனை விதித்தார்!

தாலி இழந்த பெண்கள் இருவரும் கணவனோடு தீயில் இறங்கிவிட்டார்கள். பெற்ற மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

அந்த இருவர் நினைவாகவும் யாத்திரிகர் தங்க இரண்டு மடங்கள் எழுந்தன. பாம்பனிலிருந்து இராமேசுவரம் போகும் வழியில் உள்ள அக்காள்மடம், தங்கச்சிமடம் என்ற ஊர்களுக்குப் பெயர் வந்தது இப்படித்தான் என்கிறார்கள்.

பிறகு அறந்தாங்கிப் பக்கம் போர் மூண்டது. மன்னரே படையோடு சென்றார். பாசறையில் கொள்ளை நோய் பரவியது. மன்னரையும் அது விடவில்லை. 1725-ல் அவர் உயிர் பிரிந்தது.