டக் நிக்கல்ஸ்

சர் டக்ளஸ் ரால்ஃப் நிக்கல்ஸ் (டிசம்பர் 9, 1906 – ஜூன் 4, 1988) ஆஸ்திரேலியப் பழங்குடி இனத்தைச் சேர்ந்த காற்பந்தாட்ட வீரர், கிறித்தவப் போதகர், உரிமைப் போராளி மற்றும் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் ஆளுநர் ஆவார். யோர்ட்டா யோர்ட்டா மக்களுள் ஒருவரான இவர், ஆஸ்திரேலியப் பழங்குடியினருள் சர் பட்டம் பெற்ற முதலாமவரும், அந்நாட்டின் மாநிலம் ஒன்றுக்கு ஆளுநரான முதலாமவரும் ஆவார். டொங்காலா என்னும் சிற்றூரின் கழகத்திலும், பின்னர் மெல்போர்ன் நகரின் நார்த்கோட், ஃபிட்ஸ்ராய் கழகங்களிலும் ஆடியதன் மூலம் பொதுவாழ்வில் அறிமுகமானார்.

பிறப்பும் இளமையும்

நிக்கல்ஸ், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மர்ரி ஆற்றின் கரையில் அமைந்த கம்மரகுஞ்சா பழங்குடிக் குடியிருப்பில் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளுள் இவரே இளையவர். ஆற்றைக் கடந்தால் விக்டோரியா மாநிலம். குடியிருப்பு மாநில அரசின் பழங்குடியினர் பாதுகாப்பு வாரியத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. யார் உள்ளே தங்கலாம், யார் வெளியேற வேண்டும், யாருக்கு உணவுப் பங்கீடு வழங்கலாம் என்பவற்றை வாரியம் அமர்த்திய மேலாளரே முடிவு செய்தார்.

குடியிருப்பின் பள்ளியில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவர் தாமஸ் ஷாட்ரக் ஜேம்ஸ். மொரிசியசில் பிறந்த இந்திய வம்சாவளியினரான இவர், கம்மரகுஞ்சாப் பெண் ஒருவரை மணந்து அம்மக்களுடனேயே வாழ்ந்தார். பிற்காலத்தில் பழங்குடியினர் உரிமைக்காகப் போராடிய பலர் இவரிடம் எழுத்தறிவு பெற்றவர்கள். நிக்கல்சின் உறவினரும் பின்னாளில் அவருக்கு அரசியல் வழிகாட்டியாக அமைந்தவருமான வில்லியம் கூப்பரும் இதே சமூகத்திலிருந்து வந்தவரே.

நிக்கல்சுக்கு எட்டு வயதானபோது, பதினாறு வயதான அவருடைய தமக்கை ஹில்டாவைக் காவல் துறையினர் குடும்பத்திடமிருந்து வலுக்கட்டாயமாகப் பிரித்துக் கொண்டு சென்றனர். பழங்குடிப் பெண்களை வீட்டுவேலைக்குப் பழக்கும் கூட்டமுந்திரா இல்லத்தில் அவர் சேர்க்கப்பட்டார். இவ்வாறு குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகள் பிற்காலத்தில் களவாடப்பட்ட தலைமுறையினர் என அழைக்கப்பட்டனர். சிறுவயதில் நேரில் கண்ட இந்நிகழ்வு நிக்கல்சின் மனதில் ஆழமாகப் பதிந்தது.

பதின்ம வயதின் தொடக்கத்திலேயே பள்ளிப் படிப்பு முடிந்தது. அதன் பின்னர் ஆட்டுமயிர் கத்தரிக்கும் கொட்டில்களில் வேலை செய்தார். கத்தரிக்கும்போது ஆடுகளுக்கு ஏற்படும் வெட்டுக்காயங்களில் தார் பூசும் சிறுவனாகத் தொடங்கிய அவர், பின்னர் பாசனக் கால்வாய் தோண்டும் பணியிலும் ஈடுபட்டார்.

ஊர்க் கழகங்கள்

ஆஸ்திரேலிய விதிக் காற்பந்தாட்டம் 1850களின் இறுதியில் மெல்போர்ன் நகரில் தோன்றியது. அணிக்கு 18 பேராக, நீள்வட்டத் திடலில், முட்டை வடிவப் பந்தைக் கொண்டு ஆடப்படுகிறது. கோடையில் துடுப்பாட்டம் ஆடப்படும் அதே திடலில் குளிர்காலத்தில் இவ்வாட்டம் நடைபெறும். விக்டோரியாவின் சிற்றூர்களில் கழகம் என்பது ஆட்டக்காரர்களின் அணி மட்டுமன்று. பண்ணையில் தொலைவாக வாழும் குடும்பங்கள் வாரம் ஒருமுறை கூடும் இடமும் அதுவே. திடலைப் பராமரிப்பதும், சீருடை துவைப்பதும், தேநீர் வழங்குவதும், நிதி திரட்டுவதும் ஊராரின் ஊதியமற்ற பணியாகும்.

கம்மரகுஞ்சா மக்களுக்குக் காற்பந்தாட்டம் மேலும் ஒரு பொருள் கொண்டிருந்தது. குடியிருப்பின் அணி, வெல்லப்படாதவர்கள் எனப் பொருள்படும் பெயரால் அழைக்கப்பட்டது. வட்டாரப் போட்டித் தொடரில் வெள்ளையர் அணிகளை எதிர்த்து ஆடிப் பலமுறை வாகை சூடியது. அன்றாட வாழ்வில் மேலாளரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியவர்கள், ஆட்ட நாளன்று அண்டை ஊர்க்காரர்களுடன் ஒரே விதிகளுக்கு உட்பட்டுச் சமமாக நின்றனர். ஆனால் இச்சமநிலை திடலின் எல்லைக்கோட்டைத் தாண்டி நீளவில்லை.

நிக்கல்ஸ் விக்டோரியாவின் கோல்பர்ன் பள்ளத்தாக்கில் உள்ள டொங்காலா ஊரின் கழகத்துக்கு ஆடினார். இவருடைய உயரம் ஏறத்தாழ 158 செ.மீ. மட்டுமே. எனினும் மின்னல் வேகமும், உயரமானவர்களுக்கு மேலாகத் தாவிப் பந்தைப் பிடிக்கும் ஆற்றலும் இவரைத் தனித்துக் காட்டின.

கார்ல்டன் நிகழ்வு

1927இல் நிக்கல்ஸ் மெல்போர்ன் சென்று, விக்டோரியக் காற்பந்தாட்ட லீக்கின் முன்னணிக் கழகங்களுள் ஒன்றான கார்ல்டனில் பயிற்சிக்குச் சேர்ந்தார். அங்கு தோல் நிறம் காரணமாகப் புறக்கணிக்கப்பட்டார். ஆட்டக்காரர்களுக்கு உடல் பிடித்துவிடும் உதவியாளர்கள் இவரைத் தொட மறுத்ததாகவும், உடைமாற்றும் அறையில் உடன் இருக்கச் சிலர் விரும்பவில்லை என்றும் இவருடைய வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. பருவம் தொடங்கும் முன்னரே இவர் அக்கழகத்தை விட்டு விலகினார்.

நார்த்கோட் கழகம்

அதே ஆண்டில் நகரின் வடபகுதியிலுள்ள நார்த்கோட் கழகத்தில் சேர்ந்தார். இது விக்டோரியக் காற்பந்தாட்டச் சங்கம் என்னும் மற்றொரு தொடரில் ஆடிய கழகமாகும். வெஸ்ட்கார்த் தெருத் திடல் இதன் ஆடுகளம். பிற்காலத்தில் இத்திடலுக்கு ஆஸ்திரேலியத் துடுப்பாட்ட அணித்தலைவர் பில் லாரியின் பெயர் சூட்டப்பட்டது. தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த இப்பகுதியின் ரசிகர்கள், பக்கவாட்டில் பாய்ந்தோடும் இச்சிறிய வீரரைத் தம்மவராக ஏற்றுக்கொண்டனர். 1929இல் நார்த்கோட் கழகம் வாகையர் பட்டம் வென்றபோது நிக்கல்ஸ் அவ்வணியில் இருந்தார்.

காற்பந்தாட்டம் குளிர்காலத்துக்கு மட்டுமே வருமானம் தந்தது. எஞ்சிய மாதங்களில் நிக்கல்ஸ் பரிசுத்தொகைக்கான ஓட்டப் பந்தயங்களில் பங்கேற்றார். 1928இல் நையா ஊரிலும், 1929இல் வாரக்னபீல் ஊரிலும் நடந்த பந்தயங்களில் வென்றார். 1931இல் ஊர் ஊராகச் சென்று கூடாரம் அமைத்துக் காட்சி நடத்திய ஜிம்மி ஷார்மனின் குத்துச்சண்டைக் குழுவிலும் சேர்ந்தார். உலகப் பொருளாதார மந்தம் நிலவிய அவ்வாண்டுகளில் பழங்குடியினருக்கு நிலையான வேலை கிடைப்பது மிக அரிதாக இருந்தது.

ஃபிட்ஸ்ராய் கழகம்

1932இல் நிக்கல்ஸ் ஃபிட்ஸ்ராய் கழகத்தில் சேர்ந்து மீண்டும் விக்டோரியக் காற்பந்தாட்ட லீக்குக்குத் திரும்பினார். புதிய கழகத்தின் உடைமாற்றும் அறையில் இவர் தொடக்கத்தில் ஒரு மூலையில் தனித்தே அமர்ந்தார். அப்போது அக்கழகத்தின் புகழ்பெற்ற வீரரான ஹேடன் பண்டன் இவர் அருகில் வந்து உடைமாற்றிக்கொண்டு, இவரை ஏனையோருடன் சேர்த்தார் எனக் கூறப்படுகிறது. பண்டன் 1931, 1932, 1935 ஆகிய ஆண்டுகளில் லீக்கின் உயரிய தனிநபர் விருதான பிரவுன்லோ பதக்கத்தை வென்றவர். இருவருக்கும் இடையே நட்பு வளர்ந்தது.

1937 வரை ஃபிட்ஸ்ராய்க்காக 54 ஆட்டங்களில் நிக்கல்ஸ் பங்கேற்றார். 1935இல் விக்டோரிய மாநில அணிக்குத் தேர்வானார். பின்னர் நார்த்கோட்டுக்குத் திரும்பினார். முழங்கால் காயம் இவருடைய ஆட்ட வாழ்வை முடிவுக்குக் கொண்டுவந்தது. 1947இல் நார்த்கோட் அணியின் பயிற்றுநராகப் பணியாற்றினார்.

சமயப் பணி

1932இல் நார்த்கோட் கிறித்துவின் சபையில் இணைந்த நிக்கல்ஸ், சமயச் சொற்பொழிவாளராகப் பெயர் பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது இராணுவத்துக்கு அழைக்கப்பட்டு 29ஆம் பட்டாலியனில் சேர்ந்தார். ஆனால் 1942இல் ஃபிட்ஸ்ராய் காவல் துறையினரே கேட்டுக்கொண்டதன் பேரில், அப்பகுதிப் பழங்குடியினரிடையே சமூகப் பணி செய்வதற்காக விடுவிக்கப்பட்டார்.

அதே ஆண்டு டிசம்பரில், விபத்தில் இறந்த தம் தமையனின் மனைவி கிளாடிசை மணந்து, அவருடைய மூன்று பிள்ளைகளையும் தம் பிள்ளைகளாக வளர்த்தார். கிளாடிஸ் தம்மளவிலும் சமூகப் பணியாளராக விளங்கினார்.

வேலை தேடியும் குடியிருப்புகளின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டும் வந்த பழங்குடியினர் பலர், வாடகை குறைந்த ஃபிட்ஸ்ராய் பகுதியில் குடியேறியிருந்தனர். 1943இல் அங்குள்ள கோர் தெருவில் அவர்களுக்கான தேவாலயம் தொடங்கப்பட்டது. நிக்கல்ஸ் அதன் போதகரானார். வழிபாட்டுக்கு வந்தவர்களுக்கு வேலை, வீடு, நீதிமன்ற உதவி ஆகியவற்றையும் அவர் தேடித் தந்தார். காற்பந்தாட்ட வீரராக அவருக்கு இருந்த அறிமுகம் காவல் நிலையங்களிலும் அலுவலகங்களிலும் கதவுகளைத் திறந்தது. பின்னர் கிளாடிசுடன் இணைந்து, நகருக்கு வரும் பழங்குடி இளம்பெண்களுக்கு நார்த்கோட்டில் விடுதி ஒன்றையும் அமைத்தார்.

உரிமைப் போராட்டம்

வில்லியம் கூப்பர் 1930களில் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் கழகம் என்னும் அமைப்பைத் தொடங்கினார். மக்கள் கூட்டத்தை ஈர்க்கக்கூடிய விளையாட்டு வீரரான நிக்கல்ஸ் இவ்வமைப்பின் முக்கியப் பேச்சாளரானார். ஐரோப்பியக் குடியேற்றத்தின் 150ஆம் ஆண்டு நிறைவான ஜனவரி 26, 1938 அன்று சிட்னியில் பழங்குடியினர் நடத்திய துக்க நாள் மாநாட்டில் இவரும் உரையாற்றினார்.

1939 பிப்ரவரியில், மோசமான வாழ்நிலையையும் மேலாளரின் கெடுபிடியையும் எதிர்த்து, கம்மரகுஞ்சா மக்கள் 150க்கும் மேற்பட்டோர் குடியிருப்பை விட்டு வெளியேறி, ஆற்றைக் கடந்து விக்டோரியாவில் முகாமிட்டனர். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் முதல் பெருந்திரள் வேலைநிறுத்தமாக இது கருதப்படுகிறது. அவர்களுள் பலர் திரும்பிச் செல்லவில்லை.

1957இல் மேற்கு ஆஸ்திரேலிய நாடாளுமன்ற உறுப்பினர் பில் கிரேடனுடன் வார்பர்டன் மலைத்தொடர்ப் பகுதிக்குச் சென்ற நிக்கல்ஸ், அங்குள்ள மக்களின் பசியையும் நோயையும் காட்டும் படத்துடன் திரும்பினார். இப்படத்தைக் கண்ட மெல்போர்ன் மக்களிடையே எழுந்த கொந்தளிப்பு, அதே ஆண்டில் விக்டோரியப் பழங்குடியினர் முன்னேற்றக் கழகம் உருவாக வழிவகுத்தது. நிக்கல்ஸ் அதன் களப்பணியாளரானார்.

கிழக்கு விக்டோரியாவிலுள்ள லேக் டயர்ஸ் குடியிருப்பை மூடிவிட அரசு திட்டமிட்டபோது இவர் கடுமையாக எதிர்த்தார். 1963இல் அரசின் பழங்குடியினர் நல வாரியத்திலிருந்து பதவி விலகினார். 1965இல் அது நிலையான குடியிருப்பாக அறிவிக்கப்பட்டது. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அந்நிலம் அங்கு வாழ்ந்தோருக்கே உரிமையாக்கப்பட்டது. பழங்குடியினருக்காகச் சட்டமியற்றும் அதிகாரத்தை நடுவண் அரசுக்கு வழங்கி, அவர்களை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்க வழிசெய்த 1967 பொதுவாக்கெடுப்புக்கும் இவர் ஆதரவு திரட்டினார். அதில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஆதரவாக வாக்களித்தனர்.

நிக்கல்சின் அணுகுமுறை இணக்கமானது. வெள்ளை விசைகளும் கறுப்பு விசைகளும் சேர்ந்தே பியானோவில் இனிய இசை பிறக்கும் என்பது அவர் அடிக்கடி கூறிய உவமை. 1960களின் இறுதியில் எழுந்த இளந்தலைமுறையினர் சிலர் இப்போக்கு மிதமானது எனக் கருதி, முன்னேற்றக் கழகத்தின் தலைமை முழுவதும் பழங்குடியினர் கையில் இருக்க வேண்டும் என வலியுறுத்தினர்.

ஆளுநர் பதவி

1972இல் நிக்கல்சுக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. தெற்கு ஆஸ்திரேலிய முதல்வர் டான் டன்ஸ்டனின் பரிந்துரையின் பேரில், டிசம்பர் 1, 1976 அன்று அம்மாநில ஆளுநராகப் பொறுப்பேற்றார். மேலாளரின் அனுமதியின்றி வெளியே செல்ல முடியாத குடியிருப்பில் பிறந்தவர், அரசியின் சார்பாளராக அடிலெயிடு ஆளுநர் மாளிகையில் குடியேறினார். ஆனால் சில வாரங்களிலேயே பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டு, ஏப்ரல் 30, 1977 அன்று பதவி விலகினார்.

மறைவும் நினைவும்

நிக்கல்ஸ் ஜூன் 4, 1988 அன்று விக்டோரியாவின் மூரூப்னாவில் காலமானார். அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது. அவருடைய உடல் பிறந்த இடமான கம்மரகுஞ்சாவில் அடக்கம் செய்யப்பட்டது.

கான்பெரா நகரின் புறநகர்ப் பகுதி ஒன்று நிக்கல்ஸ் எனப் பெயரிடப்பட்டுள்ளது. மெல்போர்ன் நாடாளுமன்றப் பூங்காவில் டக், கிளாடிஸ் இணையரின் சிலை 2007இல் நிறுவப்பட்டது. கம்மரகுஞ்சாவுக்கு எதிர்க்கரையில் அமைந்த மர்ரி நாடாளுமன்றத் தொகுதி 2018இல் இவ்விருவரின் நினைவாக நிக்கல்ஸ் தொகுதி எனப் பெயர் மாற்றப்பட்டது. பழங்குடி வீரர்களைப் போற்ற ஆஸ்திரேலியக் காற்பந்தாட்ட லீக் ஆண்டுதோறும் நடத்தும் சிறப்புச் சுற்று, 2016 முதல் இவர் பெயரால் வழங்கப்படுகிறது.

இவர் ஆடிய நகரக் கழகங்கள் பழைய வடிவில் நீடிக்கவில்லை. நார்த்கோட் கழகம் 1987இல் விக்டோரியக் காற்பந்தாட்டச் சங்கத்திலிருந்து விலகியது; ஃபிட்ஸ்ராய் கழகத்தின் லீக் அணி 1996 பருவத்துக்குப் பின் பிரிஸ்பேன் அணியுடன் இணைக்கப்பட்டது. ஆனால் கம்மரகுஞ்சாவின் வழிவந்தோர் ஷெப்பர்ட்டன் நகரில் உருவாக்கிய ரம்பலாரா கழகம் 1997இல் வட்டாரத் தொடரில் அனுமதிக்கப்பட்டது. ஆண்களுக்கான காற்பந்தாட்டம், பெண்களுக்கான வலைப்பந்தாட்டம் ஆகியவற்றுடன் இளைஞர்களின் கல்வி, உடல்நலம், வேலைவாய்ப்பு ஆகியவற்றிலும் இக்கழகம் கவனம் செலுத்தியது. மெல்போர்ன் பழங்குடியினரின் கழகமான ஃபிட்ஸ்ராய் ஸ்டார்ஸ் 2008இல் வட்டாரத் தொடரில் சேர்ந்தது. பிற்காலத்தில் அதன் ஆடுகளமாக அமைந்த தார்ன்பரி திடல் சர் டக்ளஸ் நிக்கல்சின் பெயரைத் தாங்கியுள்ளது.

மேவிஸ் தோர்ப் கிளார்க் எழுதிய நிக்கல்சின் வாழ்க்கை வரலாறு 1965இல் வெளியானது.