பசிக்குப் புல், 4 நாள் நடை: சொந்த ஊரைத் தேடிப் போன கவிஞர் ஜான் கிளேர் யார்?

1841 ஜூலை. லண்டன் பக்கம் எப்பிங் காட்டில் இருந்த மனநலக் காப்பகத்திலிருந்து ஒருவர் தப்பி நடக்கிறார். கையில் காசு இல்லை. 4 நாட்கள், சுமார் 130 கி.மீ. பசி தாங்காமல் வழியோரப் புல்லைப் பிடுங்கித் தின்கிறார். ஒரு காலத்தில் லண்டனே கொண்டாடிய கவிஞர் ஜான் கிளேர்தான் அவர்.

யார் இவர்?

1793-ல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ அருகே ஹெல்ப்ஸ்டன் என்ற சின்ன கிராமத்தில் பிறந்தவர். அப்பா கதிரடிக்கும் கூலித் தொழிலாளி. ஜானும் சின்ன வயதிலேயே வயல் வேலைக்குப் போனார். படிப்பு கொஞ்சம்தான். ஆனா ஊரில் எந்தப் பறவை எங்கே கூடு கட்டும் என்பது வரை அத்துப்படி. அதையெல்லாம் கவிதையாக எழுதினார்.

ஊருக்குள் வந்த வேலி

அந்தக் காலத்தில் ஏழைகள் மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் ஊர்ப் பொது நிலம் இருந்தது. 1809-ல் வந்த சட்டம் அதை நில உரிமையாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. வேலி போட்டார்கள், மரங்களை வெட்டினார்கள். விளையாடித் திரிந்த இடத்தில் இனி கால் வைக்கவே முடியாது! இந்த வலிதான் அவருடைய பல கவிதைகளின் உயிர்.

புகழும் சரிவும்

1820-ல் முதல் புத்தகம். கவிஞர் கீட்ஸின் நூல்களை வெளியிட்ட அதே பதிப்பாளர்தான் இதையும் வெளியிட்டார். விற்பனை சூடு பிடித்தது, அடுத்தடுத்து பதிப்புகள் வந்தன. ஆனா அந்த மோகம் நீடிக்கவில்லை. 1827-ல் வந்த புத்தகம் சரியாகப் போகவில்லை. வீட்டிலோ மனைவி, பிள்ளைகள், வறுமை.

1832-ல் நலம் விரும்பிகள் நார்த்பரோவில் வீடு ஏற்பாடு செய்தார்கள். ஹெல்ப்ஸ்டனிலிருந்து சுமார் 5 கி.மீ.தான். அதுவே அவருக்கு அந்நிய தேசமானது. மனநிலை மோசமாகி, 1837-ல் காப்பகம்.

எதைத் தேடி நடந்தார்?

இளவயதுக் காதலி மேரி காத்திருப்பதாக நம்பித்தான் அந்த நடை. மேரி இறந்து 3 வருஷம் ஆகியிருந்தது. சொன்னபோதும் அவர் நம்பவில்லை.

அதே வருஷக் கடைசியில் நார்தாம்ப்டன் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். அங்கே 22 வருஷங்களுக்கு மேல். எழுதுவதை மட்டும் விடவில்லை. 1864-ல் இறந்த பிறகுதான் ஊர் திரும்பினார். ஹெல்ப்ஸ்டன் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

1989-ல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவருக்கு நினைவுக்கல் வைக்கப்பட்டது. அவர் வாழ்ந்த குடிசை வீடு இன்று நினைவில்லம்.