வேலிக்கு அப்பாற் சென்ற கல்வி

கலாசாலைத் தோட்டம் கலாசாலைக்கு மட்டும் உரியதன்று என்பதைத் தம் வாழ்வால் நிறுவிய பெரியார் ஒருவரை ஈண்டு நினைவுகூர விழைகின்றோம். அவரே அமெரிக்கக் கறுப்பின விஞ்ஞானி ஜோர்ஜ் வோஷிங்டன் கார்வர்.

மிசூரி மாநிலத்தில், 1864ஆம் ஆண்டளவில், அடிமைத் தாயொருத்தியின் வயிற்றிற் பிறந்தார். கைக்குழந்தையாயிருக்கையில் கொள்ளையர் தாயையும் மகவையும் கவர்ந்து சென்றனர். மகவு மீண்டது; தாய் மீளவில்லை. கல்வி நாடிச் சிறு வயதிலேயே வீடு நீங்கினார். அனுமதி அளித்த கல்லூரியொன்று, அவர்தம் நிறங்கண்டதும் வாயிலிலேயே மறுத்தது. அவரோ மனந்தளராது, ஐயோவா வேளாண்மைக் கல்லூரியில் 1894இல் இளமாணிப் பட்டமும் 1896இல் முதுமாணிப் பட்டமும் பெற்றார்.

அவ்வாண்டே புக்கர் வோஷிங்டனின் அழைப்பை ஏற்று, அலபாமாவிலுள்ள டஸ்கீகிக் கலாசாலையை அடைந்தார். ஆங்கே பருத்தியொன்றையே பயிரிட்டமையால் நிலம் சாரமிழந்திருந்தது. கடனில் அமிழ்ந்த குடியானவர், சோளமாவும் உப்பிட்ட கொழுப்பிறைச்சியும் பாகுமே உண்டு நலிந்தனர்.

கலாசாலையின் ஆய்வுத் தோட்டத்தில் கார்வர், வறியோர் செய்யக்கூடியதையே செய்து காட்டினார். விலைகொடுத்துப் பசளை வாங்க இயலாதார்க்குக் காட்டுச் சருகும் சதுப்புச் சேறும் பசளையாயின. கௌபியும் நிலக்கடலையும் மண்ணை வளமூட்டின; உண்போர் உடலையும் வளர்த்தன. பயிரிடும் முறையையும் சமைக்கும் முறையையும் எளிய நடையிற் சிறு நூல்களாக்கினார். தோட்டத்திற்கு வர இயலாதாரை நாடி, 1906இல் கருவிகளும் விதைகளும் ஏற்றிய வண்டியொன்று ஊரூராய்ச் சென்றது. கிராமப் பள்ளிகளிற் தோட்டமிடுவதற்கென 1910இல் ஒரு நூல் எழுதினார். நிலக்கடலையை உணவாக்கும் 105 வழிகளை 1916இல் வெளியிட்டார்.

நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் இவரெனப் பலர் கூறுவர், அது பிழை. அப்புகழ் அவர்க்கு வேண்டுவதுமன்று. பசித்தோர் கையில் விதையையும் அறிவையும் ஒருங்கே வைத்ததே அவர்தம் பெருமை.

எளிமையாய் வாழ்ந்து சேர்த்த பொருளை, 1940இல் ஆய்வு நிதியமொன்று அமைக்க ஈந்தார். 1943 ஜனவரி 5ஆம் நாள் மறைந்து, புக்கர் வோஷிங்டனின் அருகே துயில்கின்றார்.

கற்ற கலாசாலையை வாழ்த்தக் கூடும் நாம், அதன் பயன் வேலிக்கு அப்பாலுள்ள ஏழையின் அடுப்பை எட்டியதா என்றும் வினவுதல் வேண்டும். கார்வரின் வாழ்வு நம்மிடம் விட்டுச்சென்ற வினா அதுவே.