கபிரியேல் பெலோப்பியஸ்

கருப்பையின் இருமருங்கும் அமைந்த குழாய்கள் எவர் பெயரால் வழங்குகின்றனவோ, அப்பெரியாரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இத்தாலி தேசத்து மொடெனா நகரில் 1523-ஆம் ஆண்டில் இவர் பிறந்தார். இளமையில் வறுமையுற்றுத் திருச்சபைப் பணியிற் புகுந்தவர், பின்னர் வைத்திய சாஸ்திரங் கற்றுப் பைசாவிலும், 1551 முதல் பாதுவா சர்வகலாசாலையிலும் உடற்கூற்று நூலைப் போதித்தார். 1561-ல் வெனிஸ் நகரில் வெளிவந்த தம் நூலில் இக்குழாயை ஊதுகொம்புக்கு ஒப்பிட்டு விளக்கினார். முன்னோரான வெசாலியஸின் பிழைகளை எடுத்துக்காட்டியும் அவரைப் பழித்திலர். வெசாலியஸின் மறுமொழி 1564-ல் அச்சேறியபொழுது இவர் உயிருடனில்லை. நாற்பது வயது நிரம்புமுன்னரே, 1562-ல் காலஞ்சென்றார்.

உயிரற்ற உடலில் அவர் கண்டது வடிவமே, தொழிலன்று. அக்காலத்தார் கொள்கைப்படி, பெண்ணின் வித்துச் செல்லும் வழியென்றே அதனைக் கருதினார். பாலூட்டும் உயிர்களின் சினைமுட்டையைப் பேயர் என்னும் அறிஞர் கண்டது 1827-லேயாம்.

குழாயின் சுவரிலுள்ள மென்தசை சுருங்கி விரிந்து, உள்ளிருக்கும் நுண்மயிர்களோடு கூடி முட்டையை நகர்த்துகின்றதென இன்று அறிவோம். அத்தசைக்கு ஏவலிடுவன இரசாயனப் பொருள்களே. ஈஸ்ட்ரோஜன் அசைவை மிகுவிக்கும், புரொஜெஸ்டிரோன் தணிவிக்கும். புரோஸ்டாகிளாண்டின்களுள் ஒருவகை தசையைச் சுருக்க, மற்றொருவகை தளர்த்தும். கரு மூன்று நான்கு நாட்களிற் கருப்பையை அடைதல் வேண்டும். வழியிலே தங்கி வளருமாயின் தாயின் உயிர்க்கே அபாயமாம்.

வெசாலியஸை இவர் திருத்தினார். இவரைப் பின்னோர் திருத்தினர். திருத்தியவர் எவரும் இவர் பெயரை அக்குழாயினின்று நீக்கினாரல்லர். முன்னோரை இகழாது திருத்துதலே கல்விக்கு அழகென்பதை இவர் சரிதத்தால் நாம் உணர்வோமாக.