சுரங்கத் தொழிலாளி தந்த இலவச வைத்தியம்

வீட்டில் ஒருவர் நோயில் படுத்தால் வைத்தியச் செலவை யார் கொடுப்பது? நோயாளியா, முதலாளியா, சர்க்காரா? உலக நாடுகள் இந்தக் கேள்விக்குப் பல விதமாக விடை கண்டிருக்கின்றன. ஆஸ்பத்திரி வாசலில் யாரிடமும் காசு கேட்கக் கூடாது என்பதை ஒரு தேசம் முழுவதற்கும் நடைமுறையாக்கிக் காட்டியவர், பிரிட்டனின் சுகாதார மந்திரியாக இருந்த அனைரின் பெவன். அவர் டாக்டர் அல்ல. பெரிய படிப்புப் படித்தவரும் அல்ல. 13 வயதில் பள்ளியை விட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர்.

கரித்தூள் தின்ற குடும்பம்

1897 நவம்பர் 15-ந் தேதி வேல்ஸ் பகுதியில் டிரெடீகர் என்ற சுரங்க ஊரில் பெவன் பிறந்தார். தகப்பனார் டேவிட் சுரங்கத் தொழிலாளி. வீட்டில் பிறந்தவை பத்துக் குழந்தைகள்; எல்லோரும் பிழைத்து ஆளாகவில்லை. சிறுவன் பெவனுக்குத் திக்குவாய். பள்ளியில் வாங்கிய அடிதான் மிச்சம். படிப்பு அவருக்கு வாய்த்தது தொழிலாளர்கள் தங்கள் காசில் நடத்திய ஊர் நூலகத்தில். பகலில் சுரங்கம், இரவில் புத்தகம் என்று வளர்ந்தார். நாக்குத் தடுக்கும் சொல்லுக்குப் பதிலாக வேறு சொல்லைத் தேடித் தேடிப் பழகியவர், பின்னாளில் பார்லிமெண்டின் தலைசிறந்த பேச்சாளர்களில் ஒருவரானார்.

தொழிற்சங்கம் தந்த உதவிப் பணத்தில் 1919-ல் லண்டன் சென்று, தொழிலாளர் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்தார். ஊர் திரும்பியதும் வேலை கிடைக்கவில்லை. குழப்பக்காரன் என்று பெயர் வாங்கியவனை எந்த முதலாளி சேர்ப்பார்? சில ஆண்டுகள் வேலையின்றித் திண்டாடினார்.

1925-ல் தகப்பனார் இறந்தார். பல ஆண்டுகள் சுவாசித்த கரித்தூள் நுரையீரலை அரித்துவிட்டது. அந்த நோய் அப்போது தொழிலால் வரும் நோய் என்று சட்டத்தில் ஏற்கப்படவில்லை. ஆகவே குடும்பத்துக்கு நஷ்டஈடு ஒரு காசும் வரவில்லை. உழைப்பால் வந்த நோய்க்கும் உழைத்தவன் வீடே விலை கொடுக்க வேண்டியிருந்ததை மகன் மறக்கவில்லை.

சங்கம் காட்டிய வழி

அந்த ஊரில் ஒரு நல்ல ஏற்பாடும் இருந்தது. 1890-ல் தொடங்கிய டிரெடீகர் மருத்துவ உதவிச் சங்கம் அது. சுரங்கத் தொழிலாளரும் இரும்பாலைத் தொழிலாளரும் கூலியில் பவுண்டுக்கு மூன்று பென்னி பிடித்தம் கொடுத்தார்கள். அந்நாளில் ஒரு பவுண்டு என்பது 240 பென்னி. அதாவது நூற்றுக்கு ஒன்றேகால். அந்தப் பணத்தில் சங்கமே டாக்டர்களையும் பல் வைத்தியரையும் நர்சுகளையும் சம்பளத்துக்கு அமர்த்தியது. தொழிலாளியோடு அவன் மனைவி மக்களுக்கும் வைத்தியம் கிடைத்தது. ஊரார் பெரும்பாலோர் அதில் சேர்ந்திருந்தனர். பிற்காலத்தில் புகழ்பெற்ற நாவலாசிரியர் ஏ. ஜே. குரோனின் இங்கே டாக்டராக வேலை பார்த்தவர்தான்.

பெவன் இந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார். நல்ல உடம்போடு இருக்கும் காலத்தில் எல்லோரும் கொஞ்சம் கொடுத்துவைத்தால், நோயில் விழுந்தவன் கடனில் விழ வேண்டாம் என்ற கணக்கை அவர் கற்றது அங்கேதான்.

பிரிட்டனின் மற்ற இடங்களில் நிலைமை வேறு. 1911-ம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளி வாரம் நாலு பென்னியும், முதலாளி மூன்று பென்னியும், சர்க்கார் இரண்டு பென்னியும் கட்டினார்கள். இதில் தொழிலாளிக்கு டாக்டர் கிடைத்தார். மனைவிக்கும் குழந்தைகளுக்கும் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவும் சேரவில்லை. எத்தனையோ தாய்மார்கள் காசுக்குப் பயந்து நோயை மறைத்து வைத்திருந்தார்கள்.

டாக்டர்களுடன் போர்

1929-ல் எப்பூவேல் தொகுதியிலிருந்து தொழிற்கட்சி சார்பில் பார்லிமெண்டுக்குச் சென்ற பெவன், இறக்கும் வரை அந்தத் தொகுதியின் உறுப்பினராகவே இருந்தார். யுத்த காலத்தில் பிரதமர் சர்ச்சிலையே சபையில் எதிர்த்துப் பேசினார். 1945 தேர்தலில் தொழிற்கட்சி வென்றது. பிரதமர் அட்லி அவரைச் சுகாதார மந்திரியாக்கினார். மந்திரிசபையில் வயதில் மிகவும் இளையவர் அவரே. அப்போது வயது 47.

ஆஸ்பத்திரிகளில் சில நகரசபைகளிடமும், சில தர்ம ஸ்தாபனங்களிடமும் இருந்தன. பணக்கார ஊரில் நல்ல ஆஸ்பத்திரி, ஏழை ஊரில் எதுவும் இல்லை என்ற நிலை. எல்லாவற்றையும் தேசத்தின் உடைமையாக்க வேண்டும் என்றார் பெவன். சக மந்திரி மாரிசனே எதிர்த்தார். எதிர்க்கட்சியான கன்சர்வேடிவ் கட்சி மசோதாவுக்கு எதிராக வாக்களித்தது. 1946-ல் சட்டம் நிறைவேறியது.

கடுமையான எதிர்ப்பு டாக்டர்களிடமிருந்து வந்தது. சர்க்காரின் சம்பளக்காரர்கள் ஆகிவிடுவோம் என்று அஞ்சினார்கள். 1948 பிப்ரவரியில் அவர்கள் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் பத்துக்கு ஒன்பது பேர் எதிர்த்தார்கள். பெவன் சில இடங்களில் இறங்கி வந்தார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கள் தனியாகவும் தொழில் செய்யலாம் என்றார். குடும்ப டாக்டர்களைச் சம்பளக்காரர்களாக்க மாட்டோம், பதிவு செய்யும் நோயாளிகளின் தலைக்கு இவ்வளவு என்று கொடுப்போம் என்று உறுதி தந்தார். ஏழைக்கு இலவசம் என்ற அடிப்படையை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அதிலும் ஏழை என்று நிரூபிக்கச் சான்றிதழ் கேட்கக் கூடாது, அனைவருக்கும் ஒரே வாசல் என்பதில் பிடிவாதமாக நின்றார். எதிர்த்த டாக்டர்களில் பெரும்பாலோர் கடைசியில் வந்து சேர்ந்தார்கள்.

1948 ஜூலை 5-ந் தேதி தேசிய சுகாதார சேவை பிறந்தது. செலவுக்குப் பெரும் பகுதி வரிப்பணம். முதல் ஆண்டிலேயே ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மூக்குக் கண்ணாடிகள் வழங்கப்பட்டன. அதுவரை கண் மங்கியும் சமாளித்து வந்தவர்கள் அத்தனை பேர்!

கண்ணாடிக்காக ராஜினாமா

செலவு மதிப்பீட்டை மீறியது. 1951-ல் கொரிய யுத்தச் செலவு வேறு சேர்ந்தது. நிதி மந்திரி கெய்ட்ஸ்கெல், பல் செட்டுக்கும் கண்ணாடிக்கும் பாதிக் கட்டணம் விதித்தார். தொகை சிறியதுதான். ஆனால் வாசலில் காசு கேட்கத் தொடங்கினால் அது நிற்காது என்று கருதிய பெவன், பதவியை உதறினார். அடுத்த ஆண்டே மருந்துச் சீட்டுக்கும் கட்டணம் வந்தது. அவர் பிறந்த வேல்ஸில் அந்தக் கட்டணம் 2007-ல் நீக்கப்பட்டது, இங்கிலாந்தில் நீடிக்கிறது.

1960 ஜூலை 6-ந் தேதி, தாம் தொடங்கிய சேவைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் நிறைந்த மறுநாள், வயிற்றுப் புற்றுநோயால் பெவன் காலமானார். வயது 62.

நாட்டுக்கு நாடு

ஜெர்மனி 1883-லேயே பிஸ்மார்க் காலத்தில் வேறு வழி கண்டது. தொழிலாளி இரண்டு பங்கும் முதலாளி ஒரு பங்கும் நோய் நிதிக்குக் கட்டினர். அமெரிக்காவில் ஜனாதிபதி ட்ரூமன் கொண்டுவர முயன்ற தேசியக் காப்பீட்டை அங்குள்ள டாக்டர் சங்கம் எதிர்த்து வீழ்த்தியது. 1965-ல் முதியோருக்கும் ஏழைகளுக்கும் திட்டங்கள் வந்தன. மற்றவர்களில் பெரும்பாலோர்க்குக் காப்பீடு வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை போனால் அதுவும் ஆபத்தில்தான்.

நம் நாட்டிலும் அதே காலத்தில் யோசனை பிறந்தது. பணம் இல்லாத காரணத்தால் யாருக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது என்று போர் கமிட்டி 1946-ல் கூறியது. சென்னையின் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் அதில் ஓர் உறுப்பினர். பிரிட்டனில் சேவை தொடங்கிய அதே 1948-ல் நம் பார்லிமெண்ட் இ.எஸ்.ஐ. சட்டத்தை நிறைவேற்றியது, 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. 2019 ஜூலையில் தொழிலாளி பங்கு சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் என்றும், முதலாளி பங்கு மூன்றேகால் என்றும் நிர்ணயிக்கப்பட்டன. நாம் சென்றது ஜெர்மனியின் பாதை.

ஆகவேதான் ஆலையில் நிரந்தர வேலை உள்ளவருக்குச் சீட்டு உண்டு. ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறைத் தொழிலாளிக்கும், தள்ளுவண்டிக்காரருக்கும், கட்டட வேலைக்கு ஊர் விட்டு ஊர் வந்த சித்தாளுக்கும் பெரும்பாலும் இல்லை. 2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் அட்டை அந்தத் திட்டத்தில் சேர்ந்த எந்த மாநிலத்திலும் செல்லும். தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்ச ரூபாய் வரை உண்டு. ஆனால் படுக்கையில் சேர்ந்தால்தான் அது உதவும். காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கும் செலவு கைக்காசுதான்.

பிரிட்டனின் சேவையிலும் குறை இல்லாமல் இல்லை. ஆபரேஷனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலை அங்கே பெரும் புகார். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்காகத் தாலியை அடகு வைக்கும் நிலை அங்கில்லை. ஒரு சிற்றூரின் தொழிலாளர்கள் மூன்று பென்னி பிடித்தத்தில் செய்து காட்டியதைப் பெவன் ஒரு தேசத்துக்கே செய்தார். சம்பளச் சீட்டில் பிடித்தத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் நமக்கும், பிடித்தம் செய்யக்கூடச் சம்பளச் சீட்டு இல்லாத நம்மவர்க்கும் இந்த வாழ்க்கை சொல்வது ஒன்றுதான்: உடம்பு நன்றாக இருக்கும்போது எல்லோரும் சேர்ந்து கொடுத்தால், நோய் வந்த நாளில் யாரும் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை.