வீரமாமுனிவரும் யவன காவிய மரபும்

இத்தாலி தேசத்தில் மாந்துவா நகரைச் சூழ்ந்த நாட்டிலே தோன்றியவர் மகாகவி வர்ஜில். யவன கவியாகிய ஹோமரின் இரு காவியங்களையும் நெஞ்சிற்கொண்டு இலத்தீன் மொழியில் ஈனெயிட் என்னும் பெருங்காப்பியத்தை இயற்றினார். அந்நாட்டுக் கஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு பிறந்தவரே நம் வீரமாமுனிவர்.

இளமையில் இயேசு சபையிற் சேர்ந்த பெஸ்கி, ஹோமரும் வர்ஜிலும் பாடமாக விளங்கிய அச்சபையின் கல்வியைப் பெற்று, 1710-ல் கோவாவிலிறங்கி மதுரை மிஷனை அடைந்தார். அக்காலத்து மதுரை மிஷன் ஒரு நகரளவில் நின்றதன்று. கரிசற்சீமைக் காமநாயக்கன்பட்டி முதல் கொள்ளிடக்கரைக்கு அப்பாலும் பரந்தது. துறவிக்கோலம் பூண்டு அந்நிலமெங்கும் சுற்றினார். 1714-ஆம் ஆண்டளவிற் சிறைப்பட்டுக் கொலைத்தண்டனைக்குள்ளாகி, அரிதில் உயிர் தப்பினார். அதன்பின்னும் அவர் தம் பணியைக் கைவிட்டாரில்லை.

சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் பயின்று, சிந்தாமணியிலும் கம்பர் காவியத்திலும் தோய்ந்தார். 1726-ல் முற்றுப்பெற்ற தேம்பாவணி 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்டது. அதன் தலைவர் வளன் எனப் பெயரிய புனித சூசையப்பர்.

இங்கேதான் முனிவர்க்கு ஓரிடர் நேர்ந்திருத்தல் வேண்டும் என எண்ணுகின்றோம். ஹோமரின் வீரர் படைக்கலமேந்தியவர். வர்ஜிலின் தலைவன் எரியும் நகரினின்று தந்தையைத் தோளிற் சுமந்து வெளியேறினும், பின்னர்ப் பெரும்போர் புரிகின்றான். சூசையப்பரோ தச்சர், வாளெடாதவர், குழந்தையுடன் எகிப்துக்கு ஓடுபவர். போரின்றிப் பெருங்காப்பியம் எங்ஙனம் நடக்கும்? முனிவர் யோசுவா, கிதியோன் முதலியோர் பண்டு புரிந்த போர்களை அவ்வழிப்பயணத்திற் சொல்லப்படும் கதைகளாக அமைத்தார். விருந்திலமர்ந்த ஒடிஸ்ஸியஸ் தன் அலைச்சலைத் தானே கூறுவதாக ஹோமர் வகுத்த உத்தி, வர்ஜில் வழியாக ஐரோப்பியக் கதையெங்கும் பரவியதன்றோ? அதுவே மதுரை மிஷனிலும் பயன்பட்டது. பேய்கள் கூடிச் சூழ்ச்சி செய்யும் காட்சியோ இத்தாலியக் கவி தாஸோவை நினைப்பூட்டுவது.

ஆயினும் நூலின் தோற்றுவாய் முற்றும் தமிழ்மரபே. நாட்டையும் நகரையும் முதலிற் பாடுகின்றார். யூதேயா நெல்வயலும் தாமரைப்பொய்கையுமாய்த் தோன்றுகின்றது. வருணனை சிற்சில இடங்களில் மிகையாய் நம்மைக் களைப்பிக்கும் என்பதையும் மறைத்தல் தகாது.

எகர ஏகார, ஒகர ஓகார வரிவடிவங்களைத் திருத்தியமைத்ததும், 1732-ல் சதுரகராதி தொகுத்ததும் அவர் செய்த பிற பணிகள். பரமார்த்த குருவின் கதைக்கு நகையாத மாணவர் நம்முள் அரியர். தேம்பாவணியைத் திறந்து பார்த்தவரோ அவரினும் அரியர்.

காவியத்திற் சூசையப்பர் எகிப்தினின்று தாய்நாடு மீள்கின்றார். அவரைப் பாடிய முனிவர் மாந்துவா நாட்டுக்கு மீளவில்லை. 1747-ல் இந்தியாவிலேயே உயிர் நீத்தார்.